ஆறு மணிக் கரடி

என் வீட்டுக்காரர் ஒரு வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவராக வாயைத் திறந்து என்னிடம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தால் ஒரு மளிகைச் சீட்டின் பின்பக்கம் போதும். அதிலும் பாதி இடம் மிஞ்சும். "ம்", "சரி", "இருக்கட்டும்", "அப்புறம் பாக்கலாம்". இதை வைத்துக்கொண்டே ஒரு மனுஷர் தொழில் பண்ணி, குடும்பம் நடத்தி, மகளைக் கட்டிக்கொடுத்து, தலையும் நரைத்துவிட்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். திட்டினால் உட்கார்ந்து கேட்பார். பதில் மட்டும் வராது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் போன மாதம் ஒரு ஹாலில் இருநூறு பேர் கூடி, தலையில் அட்டைக் காதைக் கட்டிக்கொண்டு, "பேசுங்க சார், பேசுங்க" என்று கெஞ்சினார்கள். எல்லாரும் முப்பத்தைந்து, நாற்பது வயசு ஆட்கள். பாதிப் பேருக்கு வழுக்கை. அந்த வழுக்கையின் மேல் கரடிக் காது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் தலை சுற்றும்.

அவர் கேபிள்காரர். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி ஒயர் இழுத்து, வீடு வீடாக டிவிக்குப் படம் கொடுத்தவர். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் அவர் ராஜ்ஜியம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு கேபிள்காரர். அவரை நாங்கள் வீட்டில் 'எதிர்ப்பக்கம்' என்றுதான் சொல்வோம். ஒருத்தர் ஒயர் இன்னொருத்தர் பக்கம் வரக் கூடாது என்று இரண்டு பேரும் அந்த ரோட்டை எல்லைக்கோடு மாதிரி காத்தார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இவர் ஒயர் ரோட்டைத் தாண்டிப் போனது. அது என் அம்மா வீடு. மாமியாருக்கு இந்த மாப்பிள்ளை செய்த ஒரே மரியாதை அந்த இலவச இணைப்புதான்.

அப்போதெல்லாம் கேபிள்காரர்கள் சாயங்காலத்தில் சொந்தமாக ஏதாவது போடுவார்கள். இவர் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போடலாம் என்று முடிவு செய்தார். முடிவு செய்தவர் ஒழுங்காக ஒரு கடையில் போய் நல்லதாகப் பார்த்து வாங்கினாரா? மூடிப்போன வீடியோக் கடை ஒன்றிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதிமூன்று கேசட். எந்த நாட்டுப் படமோ, என்ன பாஷையோ, இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஒரு குண்டுக் கரடி, ஏப்ரன் கட்டிய ஒரு நரி, தொப்பி போட்ட ஒரு காக்கா. பேசினால் வயிற்றுவலிக்காரன் முனகுகிற மாதிரி இருக்கும். வேறு ஆளாக இருந்தால் பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பார். இவர் படத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, தானே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். வயிற்றிலிருந்து பேசினால் கரடி, மூக்கைப் பிடித்துக்கொண்டால் நரி, தொண்டையைக் கீறினால் காக்கா. எழுதி வைத்துப் பேசுவதெல்லாம் இல்லை. படம் ஓட ஓட வாயில் வந்ததுதான் கதை.

பதிமூன்று கேசட்டும் பதிமூன்று நாளில் தீர்ந்துபோனது. பதினாலாம் நாள் முதல் கேசட்டையே திரும்பப் போட்டு வேறு கதை சொன்னார். முதல் நாள் கரடியை மீன் பிடித்து வரச் சொல்லிக் கை நீட்டிய அதே நரி, பதினாலாம் நாள் அதே கையை நீட்டிக் கரடியை வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னது. இப்படியே ஏழு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் சாயங்காலம் ஆறு மணி. ஒரு பிள்ளைகூடக் கண்டுபிடிக்கவில்லை.

நான் அதில் ஒரு நாளைக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும். ஞாயிறு எனக்கும் லீவு, கரடிக்கும் லீவு. என்ன படம் போடுகிறீர்கள் என்று கேட்டால் "ஏதோ கரடி" என்பார். கரடியைப் பற்றி மேலும் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? தெருப் பிள்ளைகள் மட்டும் என்னைக் கண்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். என் குரலுக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். பின்னால் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு விவரம் தெரியும் முன்பே அந்தப் படம் நின்றுபோனது.

இருபத்தேழு வருஷமாக என் மனசில் குத்திக்கொண்டிருந்த முள் ஒன்று உண்டு, அதைச் சொல்கிறேன். மகள் பிறப்பதற்கு முந்தைய கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் படுக்கலாம் என்று அறைக்குள் போனேன். கட்டில் இருக்கிறது, மெத்தையைக் காணோம்.

"ஏங்க, மெத்தை எங்க?"

"சுவத்துல."

நிமிர்ந்து பார்த்தேன். மெத்தை நாலு ஆணியில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் என்னுடைய நல்ல புடவைகள் ஆறு, ஆறுக்கும் ஆணி. ரோட்டு ஹாரன் சத்தம் மைக்கில் விழுகிறதாம். துணி தொங்கவிட்டால் விழாதாம். படுக்கையறையை ஸ்டூடியோவாக்கிவிட்டு, "நீ ஹால்ல படு, காத்து வரும்" என்றார். சேர்ந்தாற்போல் ஐந்து வார்த்தை பேச அவருக்கு அன்றைக்குத்தான் வாய்த்தது.

நான் சும்மா விட்டேனா? "காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிங்கன்னு ரெண்டு வருஷமா நாயா கத்தறேன். அதுக்கு இல்லாத ஆணி எம் புடவைக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று ஆரம்பித்தவள் விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் நிறுத்தவில்லை. அவர் வழக்கம்போல உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டேன். எக்ஸ்சேஞ்சுக்குப் பத்து நாள் மெடிக்கல் லீவு எழுதிப் போட்டேன். "நீங்களா வந்து வான்னு கூப்பிடற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்கு நடந்தேன். "ம்" என்றார்.

ஒன்பது நாள். மனுஷர் வரவில்லை. நடந்தால் கால் மணி நேரம். ஓர் ஆள் அனுப்பவில்லை, ஒரு துண்டுச் சீட்டு எழுதவில்லை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் நானே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க எனக்கும் ரோஷம் விடவில்லை. ஆனால் மறந்தேனா என்றால், பிரசவ வலியில் எல்லாப் பெண்களும் "அம்மா" என்று கத்தினால் நான் "ஒம்பது நாள்" என்று கத்தியதாக பிரசவம் பார்த்த நர்ஸ் நான் வீட்டுக்குக் கிளம்பும் வரைக்கும் சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷருக்கு நான் வேணுமா, வேண்டாமா? வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

அப்புறம் மாடிக்கு மாடி டிஷ் வந்தது, ஆளுக்கு ஆள் போன் வந்தது, கேபிள் தொழில் படுத்துவிட்டது. இவர் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்தார். அங்கே பேச வேண்டியதே இல்லை, எத்தனை காப்பி என்று வருகிறவர்களே சொல்லிவிடுவார்கள். அறுபது தாண்டியதும் பல் ஒவ்வொன்றாகக் கொட்டியது. போன மாதம் பல் செட் வைக்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டருக்கு முப்பத்தாறு வயசிருக்கும், நெஞ்சு வரைக்கும் தாடி. செட்டை மாட்டிவிட்டு, "ஏதாவது பேசிப் பாருங்க சார்" என்றார். அது நடக்கிற காரியமா? இவர் முழித்தார்.

"சரி, ஒண்ணு ரெண்டாவது எண்ணுங்க."

புதுப் பல் அழுத்தியதால் இவர் குரலை வயிற்றிலிருந்து இழுத்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றார். டாக்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடி கீழே விழுந்து உருண்டது.

"சார், நீங்க... ஆறு மணிக் கரடியா?"

"ம்."

அந்த டாக்டர் அழுதேவிட்டார். பெரிய மனுஷன், தாடியும் அதுவுமாக, உதடு துடிக்க நிற்கிறார். வெளியில் காத்திருந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு எங்களை உட்கார வைத்துப் போனைக் காட்டினார். 'ஆறு மணிக் கரடி' என்று ஒரு குரூப்பாம். எங்கள் ஏரியாவில் வளர்ந்த பிள்ளைகள் இருநூறு பேர் அதில் இருக்கிறார்கள். இப்போது பேங்க் மேனேஜர், வக்கீல், பஸ் கண்டக்டர், டீச்சர். தினமும் அந்தப் படத்தைப் பற்றியே பேச்சு. கரடியின் குடை ஆற்றோடு போனதா, காக்கா திருடியதா என்று சண்டை வந்து இரண்டு வக்கீல்கள் மூன்று மாதமாக ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லையாம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது ஒரே கேசட்.

"இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எங்கம்மா கெடைக்குது?" என்றார் டாக்டர். "அப்பல்லாம் தினம் புதுசு புதுசா எவ்வளவு உழைச்சு எடுத்திருக்காங்க!"

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்படி ஏற்பாடானதுதான் அந்த ஹால் விழா. பதிமூன்று கேசட்டில் பன்னிரண்டு பூஞ்சை பிடித்துப்போயிருந்தன. ஒன்று ஓடியது. அதைப் பெரிய திரையில் போட, இவர் பக்கத்தில் நின்று பழையபடி பேச வேண்டும். ஒரு வாரமாக மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவை சொன்னார் என்றால் பயம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கை அணைத்தார்கள், படம் ஓடியது. எனக்கு முன்னால் டாக்டரின் மகள், எட்டு வயசு, ஏழு நிமிஷம் பார்த்தாள். "அப்பா, ஒரே மரத்த வரைஞ்சு திரும்பத் திரும்பக் காட்டறாங்க. ஏமாத்தறாங்கப்பா" என்றாள். ஏழு வருஷம் இருநூறு பேர் கண்டுபிடிக்காததை ஏழு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். "உனக்கு ரசனையே இல்ல, சும்மா இரு" என்று அப்பா அடக்கினார்.

மேடையில் இவர் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். திரையில் நரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் இல்லை. மைக்கில் புதுப் பல் ஆடுகிற டக் டக் மட்டும் கேட்கிறது. நெற்றியில் வேர்வை. ஹாலில் குசுகுசுவென்று ஆரம்பித்துவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, எழுந்துவிட்டேன்.

"ஏங்க, உங்களத்தான்! எருமைமாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி நின்னா ஆச்சா? இத்தன பேரு வேலவெட்டிய விட்டுட்டு வந்து உக்காந்திருக்காங்க. சொன்னாத்தான் தெரியுமா, பாத்தாத் தெரியாதா? என் தலையெழுத்து!"

உடனே இருநூறு பேரும் ஒரே குரலில், "என் தலையெழுத்து!" என்று கத்தினார்கள். நாற்காலிகள் சரிந்தன. "நரியம்மா! நரியம்மா வந்திருக்காங்க!" என்று ஒரு டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து நரியம்மா சொன்னது என்று ஒப்பிக்கிறார்கள். "அடுப்புல வச்சது கருகற வரைக்கும் பேப்பரப் படிங்க, செய்தியில அதையும் போடுவான்." இது நான் சொன்னது. "உங்களுக்குப் பசிச்சா மட்டும் வீடு எங்க இருக்குன்னு தெரியுது." இதுவும் நான் சொன்னது. "ஆணி அடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆனா சுவரே விழுந்துடும், அப்புறம் ஆணியே வேணாம்." ஐயோ, அதுவும்!

அப்போதுதான் உறைத்தது. காலையில் சமையலறையில் நான் திட்டிய திட்டெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வீடாகப் போயிருக்கிறது. ஏழு வருஷம் என் மானம் கப்பலேறியிருக்கிறது, அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்ட குரலில். மேடையைப் பார்த்தேன். மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிக்கிற கோபத்தோடுதான் மேடை ஏறினேன். டாக்டர் மைக்கை வாங்கிக்கொண்டு, "அம்மா, எங்க எல்லாருக்கும் இருவத்தேழு வருஷமா ஒரு கேள்வி" என்றார். "நரியம்மா கோவிச்சுக்கிட்டுப் போன கதை. படத்துல நரி வரும். ஆனா கரடி, 'இது அவ இல்ல, அவள மாதிரி யாரோ'ன்னு சொல்லிடும். ஒம்பது நாள் அப்படி. ஞாயித்துக்கிழமை கரடி வந்ததே அந்த ஒரு தடவதான். தினமும் முடியறப்ப கரடி கூப்பிடும். 'நீ லீவு போட்டிருக்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஆறு மணிக்கு நீ டிவி பாக்க முடியறது இந்த ஒரு வாரந்தான். கேட்டுட்டுதான் இருக்க. வந்துடு.' நாங்கல்லாம் அழுதோம்மா. எங்கக்கா சாப்பிடவே இல்ல. பத்தாம் நாள் பாத்தா நரியம்மா வந்துட்டாங்க. எப்படி வந்தாங்கன்னு கரடி சொல்லவே இல்ல. ஏம்மா வந்தாங்க?"

விஷயம் என்னவென்றால், நான் பையோடு போய் நின்ற அன்றைக்கே என் அம்மா, "அந்த மனுஷன் ஒயரு என் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்று சொல்லி, எதிர்ப்பக்கத்து ஆளைக் கூப்பிட்டு அந்த இலவச ஒயரை வெட்டி எறிந்துவிட்டாள். அங்கே இருந்த வரைக்கும் ஆறு மணிக்கு நானும் அம்மாவும் பார்த்தது எதிர்ப்பக்கத்துக்காரர் போட்ட குஸ்தி. இவர் ஊரையே அழ வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். கேட்காத வீடு ஒரே வீடு.

அவர் இப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்தது. தான் கூப்பிட்டுத்தான் நான் வந்தேன் என்று இந்த மனுஷர் இருபத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் வாழ்க்கையில் வாயால் சாதித்தது அது ஒன்றுதான். நான் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்கிறவள், யாருக்காகவும் மழுப்பியதில்லை. மைக்கை வாங்கினேன்.

"கேட்டுச்சு, வந்தேன்" என்றேன். "ஆனா ஒம்பது நாளாவா கூப்பிடுவாங்க? மூணாம் நாளே கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். எதையும் இழுத்து இழுத்துத்தான் செய்வாரு!"

கூரை அதிரக் கை தட்டினார்கள். இவர் புதுப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். விழா முடிந்ததும் என் முன்னால் வரிசை நின்றது. "என்னை ஒரு தடவ திட்டுங்கம்மா" என்று பேங்க் மேனேஜர் கை கட்டி நிற்கிறார். வீட்டில் திட்டுக்குப் பஞ்சமா என்று கேட்டேன். "இல்லம்மா, இது வேற" என்றார். ஏறத்தாழ நாற்பது பேரைத் திட்டினேன். தொண்டை கட்டிப்போனது. இத்தனை வருஷம் இலவசமாகத் திட்டு வாங்கிய ஆள் பக்கத்தில் நின்று செல்ஃபிக்கு ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. அந்த ஒன்பது நாளில் கரடி என்னென்ன சொல்லிக் கூப்பிட்டது என்று எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தெரிய வேண்டும். யாரிடம் கேட்பது? கரடி கூப்பிட்டது காதில் விழுந்தது என்று இருநூறு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது இதுதான். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பல் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர் தம்பி, மொத நாள் கரடி என்ன சொல்லிச்சு? சும்மாதான், உங்களுக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு பாக்கலாம்னு."

"ஆறு மணிக்குக் கூப்பிடுங்கம்மா. அந்த நேரத்துலதான் எனக்குச் சரியா வரும்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஒரு நாள் கதை. ஐந்தரைக்கே எனக்கு இருப்புக்கொள்ளாது. யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷரை வாயைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கரடிக் குரலில் ஆரம்பிப்பார். முதல் நாள் கரடி வீட்டில் சாவியைத் தேடுகிறது. எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. இரண்டாம் நாள், "ஆணி அடிச்சுட்டேன், காலண்டர் மாட்டிட்டேன்." ஆமாம், நான் திரும்பி வந்தபோது மாட்டியிருந்தது, கோணலாக இருக்கிறது என்று அதற்கும் திட்டினேன். நாலாம் நாள் கரடி கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே திட்டிப் பார்க்கிறது, சரியாக வரவில்லை. ஆறாம் நாள் மெத்தையைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டது. "எறக்கிட்டேன். பாதி மெத்தை சும்மா கெடக்கு."

ஏழாம் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, கரடி கதையே சொல்லவில்லையாம். "எனக்குப் பேச வராது. இங்க பேசினதெல்லாம் உன் பேச்சுதான். நீ போயிட்ட, எங்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிட்டதாம். நான் போனை வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெங்காயம் நறுக்கவில்லை, சாக்குச் சொல்லவும் வழியில்லை. இருபத்தேழு வருஷம் ஒரு மனுஷனைத் தப்பாக நினைத்திருக்கிறேன்.

எட்டாம் நாளும் முடிந்தது. ஒன்பதாம் நாள் ஆறு மணிக்குப் போன் போட்டால், "அன்னிக்கு எங்க வீட்டுல கரண்ட் இல்லம்மா" என்கிறார் டாக்டர். குரூப்பில் கேட்டுப் பார்த்தார். ஒருத்தர் படம் வரவே இல்லை என்றார், ஒருத்தர் வந்தது ஆனால் சத்தம் இல்லை என்றார், வக்கீல்கள் இருவரும் பேச ஆரம்பித்து மறுபடியும் சண்டை போட்டார்கள். வேறு வழியில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தேன்.

"ஏங்க, ஒம்பதாம் நாள் என்ன சொன்னீங்க?"

"அதான் கேட்டியே."

"கேக்கல. ஒரு நாளும் கேக்கல. மொத நாளே எங்கம்மா உங்க ஒயர வெட்டிட்டாங்க. மேடையில சொன்னது பொய்."

அணைத்த டிவியின் ரிமோட்டைக் கையில் எடுத்து, அமுக்காமலே திரும்ப வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

"வெட்டிட்டாங்களா?"

"ம்" என்றேன். இந்த வீட்டில் நான் "ம்" என்றது அதுதான் முதல் தடவை.

"ஒம்பதாம் நாள் ஒண்ணும் சொல்லல" என்றார். "எட்டு நாள் கூப்பிட்டும் வரலன்னா, இனி நேர்லதான் போவணும்னு நெனச்சேன். படத்தப் போடாம கெளம்பிட்டேன். ரோட்டத் தாண்டறதுக்குள்ள நீயே எதிர்ல வந்துட்ட."

எனக்கு அப்போதுதான் அந்தச் சாயங்காலம் திரும்ப வந்தது. மெயின் ரோட்டு ஓரத்தில், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஒயர் வாங்க என்றார். பெண்டாட்டி ஒன்பது நாளாக வீட்டில் இல்லை, இவருக்கு ஒயர் கேட்கிறது என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். என் கையிலிருந்த பையை அவர் வாங்கிக்கொண்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"கூப்பிடத்தான் வந்தேன்னு சொல்ல வேண்டியதுதான? ஒயர்னு ஏன் சொன்னீங்க?"

"நீ கேட்ட வேகத்துல அதான் வந்துச்சு."

பிறகு அவராகவே என்னை ஒரு கேள்வி கேட்டார். "ஒண்ணும் கேக்கலன்னா, எதுக்குத்தான் திரும்பி வந்த?"

"அங்க நான் பேசறத யாரும் உக்காந்து கேக்கல. ஆரம்பிச்சாலே எழுந்து போயிடறாங்க, எங்கம்மாவே போயிடறாங்க. முழுசா உக்காந்து கேக்கறது நீங்க ஒருத்தர்தான். அதான் வந்தேன்."

"கேக்காம? சாயங்காலம் ஆறு மணிக்கு நரிக்கு வேணுமே."

சுருக்கென்றது எனக்கு. இதற்காகத்தானா ஏழு வருஷம் அத்தனை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்?

"அந்தப் படம் நின்னு இருவத்திரண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் தெனம் உக்காந்து கேட்டீங்களே, அது எதுக்கு?"

ஒரு பதிலுக்காக அந்த மனுஷர் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

"பழகிடுச்சு" என்றார்.